ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் தமிழர் அழைத்து வந்த ஊர், வடமொழி வாய்ப்பட்டு விருத்தாசலம் ஆயிற்று. பெயர் பறிபோன கதையை இன்னொரு நாள் பேசலாம். அந்த ஊரை ஒட்டி ஓடும் மணிமுத்தாற்றைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லி, புராணிகர்கள் ஊர் ஊராகப் பரப்பிய கதையொன்று உண்டு. இன்று நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அதைத்தான். படித்துவிட்டுக் கன்னத்திலே போட்டுக்கொள்வதற்கன்று. சொன்னவரும் அறியாமல் அந்தக் கதைக்குள்ளே புதைந்து கிடக்கும் ஓர் உண்மையைத் தோண்டி எடுப்பதற்கு!

கதை இதுதான். திருவாரூரில் பங்குனி உத்திர விழா நெருங்குகிறது. பரவையாருக்குச் செலவுக்குப் பொன் வேண்டும். சுந்தரர் முதுகுன்றம் வந்து பாடுகிறார். இறைவன் பன்னீராயிரம் பொன் கொடுக்கிறார். அதைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை, மணிமுத்தாற்றிலே போட்டுவிடு, திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள் என்று ஆணை பிறக்கிறது. அப்படியே போட்டார், அப்படியே எடுத்தார்! கதாகாலட்சேபக்காரர் இந்த இடத்திலே ஜாலரா தட்டுவார்; கேட்போர் கண்ணீர் சொரிவர்; கதை முடிந்தது என்று எழுந்து போவர்.

நாம் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து மூன்று சேதிகளைக் குறித்துக்கொள்கிறோம். ஆற்றிலே போட்டதைக் குளத்திலே எடுக்கப் போகிறேன் என்றதும் பரவையார் சிரித்தார் என்பது ஒன்று. கொடுத்த பொன்னிலே சிறிது வெட்டி, 'மச்சம்' என்னும் மாதிரியாகச் சுந்தரர் கையிலே வைத்துக்கொண்டார் என்பது இரண்டு. குளத்திலே எடுத்த பொன்னை அந்த மாதிரியோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது, மறுபடி பாடித்தான் சரி செய்தார் என்பது மூன்று. அதன் நினைவாக இன்றும் திருவாரூர்க் குளக்கரையிலே மாற்றுரைத்த பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

கவனியுங்கள் தோழர்களே! கொடுத்தவர் கடவுள் என்கிறார்கள். வாங்கியவரோ அந்தக் கடவுளுக்கே தோழர் என்கிறார்கள். ஆயினும் மாதிரி இல்லாமல் வாங்கவில்லை. உரைத்துப் பாராமல் ஒப்புக்கொள்ளவில்லை! கடவுள் கொடுத்த பொன்னையே உரைகல்லிலே தேய்த்துப் பார்த்த நாட்டிலே, கான்ட்ராக்டர் பதித்த குழாயிலே வரும் தண்ணீரை உரைத்துப் பார்க்கக் கூடாதா? பார் என்றால் முகம் சுளிப்பானேன்? பார்த்த முடிவை மக்களிடம் சொல் என்றால் கோப்பைக் கட்டி அலமாரியிலே பூட்டுவானேன்?

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்பது புராணம் வளர்த்த பேச்சு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது உழைக்கும் மக்கள் வளர்த்த பழமொழி. இந்த இரண்டிலே எது ஆட்சிக்கு இலக்கணம் என்பதே நம் கேள்வி.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பொம்மை, விளக்கு, மின்கம்பி இணைப்புக்கான பீங்கான் பொருள் என்று பலவும் அங்கே வார்க்கப்படுகின்றன. அந்தத் தொழிலைக் கற்பிக்கவே அரசினர் அங்கே தனிப் பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றனர். அந்த ஊர்த் தொழிலாளிக்கு நீரைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. களிமண்ணைக் கரைத்து அச்சிலே ஊற்றும் கூழிலே உப்புநீர் கலந்தால் கூழ் கட்டிப்போகும், வார்ப்புக் கெடும். ஈரம் வற்றாத பாண்டத்தைச் சூளையிலே வைத்தால் வெடிக்கும். சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தை விரலால் தட்டுவான்; கணீர் என்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். தட்டிப் பாராமல் அவன் தரமாட்டான். தட்டிப் பாராமல் சந்தைக்கு வரும் கிழவியும் வாங்கமாட்டாள்.

பாண்டத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த அந்த மக்கள், பாண்டத்திலே நிரப்பும் தண்ணீரை எப்படித் தட்டிப் பார்ப்பது? உப்பு மிகுந்தால் நாக்கு சொல்லும். புளோரைடு மிகுந்தால் நாக்கு சொல்லாது. ஆண்டுகள் கழித்துப் பல்லும் எலும்பும் சொல்லும். கிருமி கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. குழந்தையின் வயிற்றுப்போக்கு சொல்லும். பொன்னை உரைக்கக் கல் இருக்கிறது. நீரை உரைக்கும் கல்லோ ஆய்வுக்கூடத்திலே இருக்கிறது; ஆய்வுக்கூடத்தின் சாவி அரசிடம் இருக்கிறது. ஆகவேதான் மற்றெந்தப் பண்டத்தையும்விடத் தண்ணீரிலே மக்கள் அரசை நம்பியே தீரவேண்டியிருக்கிறது. நம்பியே தீரவேண்டியவனை ஏமாற்றுவது மற்ற ஏமாற்றுகளைவிட இழிந்தது.

அந்த நம்பிக்கை இன்று என்ன நிலையிலே இருக்கிறது? விருத்தாசலம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தமிழகத்தின் எந்தச் சிறு நகரத்துத் தெருவிலும் காலையிலே நின்று பாருங்கள். குழாய் இருக்கும், குழாயடியிலே குடமும் இருக்கும், அந்தத் தண்ணீர் துணி துவைக்கும், பாத்திரம் கழுவும். குடிப்பதற்கோ கேன் தண்ணீர்! மாடிவீட்டுக்காரர் வாங்குகிறார், வியப்பில்லை. சூளையிலே வேகும் தொழிலாளியும் கூலியிலே கிள்ளி எடுத்துக் கேன் வாங்குகிறாரே, அதுதான் வேதனை. தண்ணீருக்கு ஒருமுறை வரி, மறுமுறை விலை! கேன் வாங்குகிற ஒவ்வொரு வீடும், வாய் திறவாமல், அரசின் மீது ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.

இதை அரசே ஒப்புக்கொண்ட நாளும் உண்டு. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளிலே, 'அம்மா குடிநீர்' என்ற பெயரிலே லிட்டர் பத்து ரூபாய்க்குப் பாட்டில் தண்ணீரைத் தமிழக அரசே விற்கத் தொடங்கியது. தனியார் விலையைவிடக் குறைவு என்று பாராட்டியவர்கள் பலர். நாம் கேட்கும் கேள்வி வேறு. குழாயிலே நல்ல தண்ணீர் தரும் கடமையுள்ள அரசு, நல்ல தண்ணீர் வேண்டுமானால் பாட்டில் வாங்கு என்று கடை திறந்தால், குழாயைப் பற்றி அது சொல்லாமல் சொல்வது என்ன?

தண்ணீர்ச் சிக்கலுக்கு இங்கே இரண்டு விடைகள் தரப்படுகின்றன. முதல் விடை ஆன்மிக விடை. 2019-ஆம் ஆண்டு கோடையிலே ஏரிகள் வற்றிச் சென்னை தவித்தபோது, மழை வேண்டி யாகம் நடத்தும்படி அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அமைச்சர்களும் யாகத்திலே அமர்ந்தனர். தண்ணீரோ யாக குண்டத்திலிருந்து வரவில்லை. சோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலிலே வந்தது! சங்கப் புலவன் இப்படிச் செய்யவில்லை. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் போய், நாட்டிலே நீர்நிலைகளைப் பெருக்கு, அதுவே நிலைத்த புகழ் என்று எடுத்துரைத்த செய்தி புறநானூற்றிலே இருக்கிறது. தமிழன் தண்ணீரைக் கேட்டது ஆட்சியிடம். ஆண்டவனிடம் கேள் என்று திருப்பிவிட்டவர்கள் பின்னே வந்தவர்கள்.

இரண்டாவது விடை அதிகார விடை. "தண்ணீர் தரமானதுதான், எங்களை நம்புங்கள்" என்பது அது. யாகம் செய் என்பவர் வானத்தை நம்பச் சொல்கிறார். இவர் நாற்காலியை நம்பச் சொல்கிறார். இரண்டிலும் சான்று இல்லை. 1854-இலே இலண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றே காரணம் என்று பெரிய மனிதர்கள் நம்பினர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுச் செத்தவர்களின் வீடுகளை எண்ணினார். எண்ணிக்கை ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டியது. அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884-இலே, இராபர்ட் கோக் நம் நாட்டுக் கல்கத்தாவிலே ஒரு குளத்து நீரில் அந்தக் கிருமியையே கண்டு காட்டினார். ஊரையே வாரிக்கொண்டு போன வாந்திபேதிக்கு அம்மன் கோபம் என்று இங்கே கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். கோபம் அம்மனுடையதன்று, குற்றம் குளத்துடையது! எண்ணிப் பார்த்தவன் உயிரைக் காத்தான். பகுத்தறிவு என்பது இதுதான்.

இந்தச் சிக்கலை ஏன் நம் இயக்கத்தவர் கையிலெடுக்க வேண்டும்? பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்டுகிறோம். இந்த நாட்டிலே தண்ணீர் தாகம் தீர்க்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை; தள்ளி நில் என்று சொல்லும் ஆயுதமாகவும் இருந்தது. 1924-இலே சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து போராடித்தான், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டவர்க்கும் உரியவை என்று எழுத வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடிலே அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய், குளத்திலே ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதே ஒரு புரட்சியாக இருந்தது. ஆடும் மாடும் குடித்த குளம். மனிதன் குடித்ததும் தீட்டாயிற்று என்று பானை பானையாகப் பஞ்சகவ்வியம் ஊற்றினர் சனாதனிகள்!

கிணற்றிலே படிக்கட்டு உண்டு, ஆகவே மேல்படி கீழ்ப்படி உண்டு. குழாய்க்குப் படிக்கட்டு இல்லை. திருகினால் யாருக்கும் வரும், கோத்திரம் கேளாது. பெரியார் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தபோது அந்த ஊருக்குக் காவிரிக் குடிநீரைக் குழாயிலே கொண்டுவந்ததைப் பெருமையோடு சொல்கிறோமே, அது வெறும் நகராட்சி வேலையா? தீட்டுக் கிணற்றின் மீது விழுந்த முதல் சம்மட்டி அடியல்லவா? 1971-இலே கலைஞர் ஆட்சியிலே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்ததும் அந்த வழியிலே அடுத்த அடி. பொதுக்குழாய் என்பது இரும்பிலே செய்த சமத்துவம்.

அந்தக் குழாயை விட்டு மக்கள் விலகி, ஆளுக்கொரு கேன், வீட்டுக்கொரு சுத்திகரிப்புப் பெட்டி என்று பிரிந்துபோனால், தோற்பது நகராட்சி மட்டுமன்று. அந்தச் சமத்துவமும் தோற்கிறது. வசதி உள்ளவன் விலகியதும் அவன் குரலும் விலகுகிறது. குரலற்றவனுக்கு மட்டும் என்று ஆன குழாய் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்ததைக் காட்டி, பார்த்தாயா, அரசுக் காரியம் இப்படித்தான் என்று மீதிப் பேரும் ஓடுகின்றனர். அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் நேரும் கதை இதுவே.

2022 டிசம்பரிலே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலிலே, தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலே மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்து நாடே தலைகுனிந்தது. ஈராண்டுக்குப் பின், 2025 சனவரியிலே தாக்கலான குற்றப்பத்திரிகை, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தன. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் சொல்வது இது: பாதிக்கப்பட்ட மக்கள் புலனாய்வின் முடிவையே நம்ப முடியாத நிலைக்கு வந்தார்களே, அந்த நம்பிக்கையை எந்தத் தொட்டியிலிருந்து நிரப்புவது? அதை ஆண்டவர்கள் நம்மவர்கள் என்பதற்காக இதைக் கேளாமல் விட முடியுமா?

நம் வீட்டு முற்றத்தையும் பெருக்கத்தான் வேண்டும். விருத்தாசலம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்திலே, சோழன் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரி, வீராணம் என்று வழங்குவது, இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்தை 1960களின் இறுதியிலே கழக ஆட்சி தொடங்கியது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் தண்ணீர் ஓட வேண்டிய பெருங்குழாய்கள் சாலையோரத்திலே ஆண்டுக்கணக்கிலே காய்ந்து கிடந்தன. 1976-இலே அமைந்த சர்க்காரியா கமிஷன் ஆராய்ந்த விவகாரங்களிலே வீராணமும் ஒன்று. அரசியல் பகை அந்தக் கமிஷனுக்குப் பின்னே இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காய்ந்த குழாயைக் கண்ணாலே பார்த்தவனிடம் பகையின் வரலாற்றை விளக்கிப் பயன் என்ன? 2004-இலே ஜெயலலிதா ஆட்சியிலேதான் புதிய வீராணம் திட்டம் முடிந்து, வடக்குத்திலே சுத்திகரிக்கப்பட்ட தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னையை அடைந்தது; நாளொன்றுக்குப் 18 கோடி லிட்டர் என்பது கணக்கு. சென்னைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாகத்துக்கு மாவட்ட எல்லை இல்லை. எவ்வளவு போகிறது, வறண்ட ஆண்டிலே உழவனுக்கு எவ்வளவு, உள்ளூருக்கு எவ்வளவு என்ற கணக்கை ஏரிக்கரை ஊரின் சுவரிலே எழுதி வைப்பதிலே என்ன கஷ்டம் என்றுதான் கேட்கிறோம். அளந்து போடு!

இன்னொரு பக்கம் நெய்வேலி. 1956-இலே நிறுவனம் அமைந்து பழுப்பு நிலக்கரி வெட்டத் தொடங்கினர். நாட்டுக்கு விளக்கெரிகிறது; மறுக்கவில்லை. நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடந்த மண்ணோடு வெண்களிமண்ணும் கிடைத்தது. பீங்கான் சூளைக்கு அது வரம். நிலக்கரிக்குக் கீழேயோ அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகவே இரவும் பகலும் இறைத்தனர். ஒரே பள்ளம் விருத்தாசலப் பகுதிக்குக் களிமண்ணைக் கொடுத்தது. ஒரே பள்ளம் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரை எடுத்தது! கொடுத்ததற்குக் கணக்கு உண்டு, டன்னுக்கு விலை உண்டு. எடுத்ததற்குக் கணக்கை உழவனிடம் யார் காட்டினார்கள்? 2023 சூலையிலே வளையமாதேவியிலே பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, கதிர் விட்ட நெல்வயலிலே இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டு, அந்தச் சுற்றுவட்டாரத்து நீரும் மண்ணும் மாசுபட்டிருக்கின்றன என்று சொல்லும் ஆய்வறிக்கையைப் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்டன; பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்டது. உரைகல்லைத் தூக்கியவர்கள் யார்? அரசல்லர், தன்னார்வத் தோழர்கள்!

சட்டம் இல்லையா என்றால், எழுதப்பட்டது. நிலத்தடி நீரைக் காக்க 2003-இலே தமிழ்நாட்டிலே சட்டம் நிறைவேறியது. பத்தாண்டுக் காலம் உறங்கியது. நடைமுறை காணாமலே 2013-இலே நீக்கப்பட்டது. பிறந்தது தெரியும், இறந்தது தெரியும், வாழ்ந்தது மட்டும் யாருக்கும் தெரியாது!

இத்தனையும் சொன்னதால், எவரையும் நம்பாதே, எதையும் நம்பாதே என்பது நம் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். ஐயம் வேறு, அவநம்பிக்கை வேறு. ஐயப்படுகிறவன் சோதனை கேட்கிறான். சோதனை தேறினால் ஒப்புக்கொள்கிறான். அவநம்பிக்கை கொண்டவன் சோதனையையும் நம்பமாட்டான். கேன்மீது ஒட்டிய வண்ணத்தாளை மட்டும் நம்புவான்! குழாயை ஐயுறும் பகுத்தறிவாளர், கேனைத் திறந்து ஆராய்ந்ததுண்டா? மூடி முத்திரையைப் பார்த்துக் கும்பிடுவதற்கும் விபூதியைப் பார்த்துக் கும்பிடுவதற்கும் வேற்றுமை என்ன? அரசின் மீது அவநம்பிக்கை பரவினால் மகிழ்பவன் ஏழையல்லன், தண்ணீர் வணிகன்.

அமெரிக்காவிலே பிளின்ட் என்ற நகரம் நமக்குப் பாடம். 2014-இலே சிக்கனம் கருதி அந்நகரின் நீர் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினர். குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. நிறம் மாறிய தண்ணீரைப் புட்டியிலே பிடித்துக்கொண்டு தாய்மார் கூட்டங்களுக்கு வந்தனர். தரமானதுதான் என்றனர் அதிகாரிகள். மறு ஆண்டு குழந்தைகளின் இரத்தமே சாட்சி சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டனர். பின்னர் நீரைத் திருத்தினர், குழாய்களை மாற்றினர். ஆனால் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மக்களுக்கு மனம் வரவில்லை. குழாயை மாற்ற ஆண்டுகள் போதும். நம்பிக்கையை மீட்கத் தலைமுறை வேண்டும்.

ஆகவே என்ன செய்வது? குடிநீருக்கு இந்தியத் தர அளவு இருக்கிறது, ஐ.எஸ். 10500 என்பர். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2000 வரை. புளோரைடு 1, அதிகம் போனால் 1.5 என்று அது அளவு கட்டுகிறது. அந்த அளவைக் குழாய்த் தண்ணீருக்குச் சட்டக் கட்டாயம் ஆக்கு என்பது நம் முதல் கோரிக்கை. ஒவ்வொரு வார்டிலும், நியாயவிலைக் கடைச் சுவரிலே, மாதந்தோறும் அந்த வார்டுத் தண்ணீரின் சோதனை முடிவைத் தமிழிலே எழுதி ஒட்டு என்பது இரண்டாவது. குறை இருந்தால் குறையையும் எழுது! மாற்றுக் குறைந்தது என்று புராணமே மறைக்காமல் சொல்லும்போது நகராட்சி மறைப்பானேன்?

வழியும் திறந்திருக்கிறது. 1997-இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம் இது. 2005-இலே நாடு முழுமைக்கும் வந்தது. 2022 முதல் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராமசபை கூட வேண்டும் என்று ஆணை; நகரங்களுக்குப் பகுதி சபை. சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனை கற்பித்துக் கருவிப் பெட்டி தரவேண்டும் என்பது 2019-இலே தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதி. அந்தப் பெட்டி உங்கள் ஊரிலே திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? போய்ப் பாருங்கள்.

அதிகாரிகள் மனம் மாறுவார்களா என்று கேட்பவருக்கும் ஒரு சான்று உண்டு. 2004-ஐ ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்துப் பொறியாளர்களே 'கூடம்' என்ற பெயரிலே, மேலவர் கீழவர் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் குறையைத் தாங்களே பேசினர். பிறகு சிற்றூர் மக்களோடும் அப்படியே அமர்ந்து பேசினர். தண்ணீர் எங்கள் சொத்தன்று, நாங்கள் காவலர் மட்டுமே என்ற எண்ணம் அங்கே முளைத்தது. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையிலே உட்கார்ந்ததும் நம்பிக்கை ஊறியது. மணலைத் தோண்டினால் ஊறும் ஊற்றுப்போல!

தோழர்களே! வருகிற கூட்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் தெருக் குழாயின் தண்ணீரிலே ஒரு புட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அதுதான் உங்கள் மச்சம். இதை உரைத்துப் பார்த்து, மாற்று என்ன என்று சபையிலே சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொன்னால் நம்புவோம், குறையென்றால் திருத்தும்வரை நிற்போம். பரவையார் சிரித்தார். நாம் சிரித்துவிட்டுப் போகப் போவதில்லை. அளந்து காட்டும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!